பால்விரல்

கொச்சுமணிக்கு நடந்த அநியாயம் இது.

அவனை ஒருநாளும் கண்டிராத ஒரு பெண், அவன் முகத்தைப் பார்த்து "இவனாக்கும்" என்று தலையசைத்தாள். அதுவும் நேரில் பார்த்து அல்ல. தாளில் பென்சிலால் வரைந்த படத்தைப் பார்த்து. அந்த ஒரு தலையசைப்பை நம்பி அவனைக் கொலைக் கேஸில் பிடித்து உள்ளே போட்டார்கள்.

படத்தை வரைந்தவள் நேசமலர்.

அநியாயம் பொறுக்காமல்தான் நேசமலர் மலையேறித் தன் ஆசானைத் தேடிப் போனாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன் மேல் தப்பில்லை என்று ஆசான் வாயால் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினாள்.

வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஆசானே, ஒரு நியாயம் கேக்கணும். அந்தம்மா சொன்னதைத்தான் நான் வரைஞ்சேன். இல்லேன்னு சொன்ன இடத்தை அழிச்சேன். ஆமான்னு சொன்னதும் நிறுத்தினேன். இதுல என் தப்பு எங்க இருக்கு?"

ஆசான் ரப்பர் பாலை வடிகட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எக்கா, மழை வருது. உள்ள வாங்க."

"பதில் சொன்னா வாரேன்."

"நனைஞ்சா சளி எனக்கா பிடிக்கப் போவுது?"

நேசமலர் உள்ளே வந்தாள்.

அந்தப் பக்கத்தில் வித்தை எதுவானாலும் சொல்லித் தருகிறவர் ஆசான்தான். ஆணா பெண்ணா என்ற பேச்சில்லை. இந்த ஆசானின் பெயர் அமிர்தபாய். நேசமலரைவிட வயதில் சின்னவள். சிஷ்யை குருவை "ஆசானே" என்பாள். குரு சிஷ்யையை "எக்கா" என்பாள். புதிதாக வருகிறவர்கள் யார் யாருக்குச் சொல்லித் தருகிறார் என்று விளங்காமல் முழிப்பார்கள்.

ஆசானின் பள்ளிக்கூடம் ரப்பர் தோட்டத்தின் நடுவில் இருந்தது. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கட்டடம். சுவரில் சாய்ந்தவர் முதுகில் கரியோடுதான் வீட்டுக்குப் போவார்.

அங்கே முகம் வரைய மட்டும்தான் சொல்லித் தருவார்கள். பூ கிடையாது. மலை கிடையாது. மயில் கிடையவே கிடையாது.

பால்விரல் அங்கேதான் பிறந்தது.

சேர்ந்த அன்று சிஷ்யர் தன் சுண்டுவிரலைத் தேங்காய்ச் சிரட்டையில் இருக்கும் ரப்பர் பாலில் முக்க வேண்டும். எடுத்து ஆறவிட வேண்டும். மறுபடி முக்க வேண்டும். தோல் மேல் தோலாகப் படிந்து காய்ந்து, அந்த விரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு தொப்பி வந்துவிடும். வரைகிற கையின் சுண்டுவிரலில் அது இருந்தால் பென்சிலைக் கீழே வைக்காமலே அழிக்கலாம்.

கோடு தப்பா? கையைக் கொஞ்சம் சரித்து ஒரு தேய். போச்சு. அடுத்த கோடு.

மற்ற ஊர் ஓவியர்கள் ரப்பரைத் தேடுவார்கள். மடியில் தேடுவார்கள், நாற்காலிக்கு அடியில் தேடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பால்விரல் போட்டவர்களுக்கு அந்தப் பாடு இல்லை.

அதனால்தான் போலீஸ் நேசமலரைத் தேடி வந்தது. கண்டவர்கள் வாயால் சொல்ல, தான் காணாத முகத்தை வரைந்து கொடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டுவதை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள்.

"மேடத்தோட சுண்டுவிரல் இருக்கே, அது ஒரு போலீஸ் நாய்க்குச் சமம்" என்பார் இன்ஸ்பெக்டர்.

அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

கொச்சுமணி யார் என்று கேட்டால், அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். கருக்கலில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவான். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்து முக்காலியில் உட்காருவான். சிஷ்யர்கள் அவனைப் பார்த்து வரைவார்கள். அசையாமல் இருப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஈதான் அலுத்துப் போய் எழுந்து போகும்.

ஆசான் ஒரு விதி வைத்திருந்தாள்.

"முதல்ல ஒரு முகம் கைக்குள்ள வரட்டும். ஊரு முகமெல்லாம் அது பின்னால வரும்."

அந்த ஒரு முகம் கொச்சுமணியின் முகம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை வரைய வேண்டும். நேசமலர் அப்படி வரைந்து தேறியவள்.

ஒருநாள் டவுனில் விடியப் போகிற நேரத்தில் நகைக்கடைக் காவல்காரர் ஒருவரை எவனோ கம்பியால் அடித்துக் கொன்றான். காவல்காரரின் மனைவி செல்லம்மை அவருக்குக் கட்டங்காப்பி கொண்டு போனவள். ஓடினவன் அவள் மேல் மோதிவிட்டு ஓடினான். தெருவிளக்குக்கு அடியில், முகத்துக்கு முகம்.

செல்லம்மை சொன்னாள், நேசமலர் வரைந்தாள். படம் பேப்பரில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள். டீக்கடையில் ஒருவன் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது நம்ம கொச்சுமணியில்லா?" என்றான்.

அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டது. மரத்தோடு இருந்தேன் என்றான். மரம் கோர்ட்டுக்கு வருமா?

அவ்வளவுதான்.

ஆசான் வடிகட்டியை உதறி ஆணியில் மாட்டினாள்.

"சரோஜம் உங்க வீட்டுக்கு வந்தாளாக்கும்?"

சரோஜம் கொச்சுமணியின் மனைவி.

"வந்தா."

"ஏசினாளா?"

"ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசிட்டு விட்டிருப்பேன். ஒரே ஒரு கேள்வி கேட்டா. போயிட்டா."

"என்ன கேட்டா?"

நேசமலர் நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். அதில் அவ்வளவு தண்ணீர் இல்லை. இருந்தும் பிழிந்தாள்.

"'செல்லம்மை கண்டது இருக்கட்டும். உங்க பென்சில் எங்க வீட்டுக்காரரை எங்க வச்சு கண்டுது?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?"

"பென்சிலுக்குக் கண்ணு உண்டான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'அதைத்தான் நானும் கேக்கேன்'னு சொல்லிட்டு நடந்துட்டா."

ஆசான் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆசான் சிரிக்கவில்லை. அதுவே நேசமலருக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

"நீங்க நினைக்கது எனக்குத் தெரியும் ஆசானே. கடைசிக் கோடு போட்டுட்டுப் பாத்தப்போ எனக்கே நெஞ்சு திக்னு ஆச்சு. ஏசுவே, கொச்சுமணியில்லா இதுன்னு. ஆனா நான் என்ன செய்ய முடியும்? செல்லம்மை அவனைக் கண்டிருக்கா. அவ கண்டது என் கை வழியா வந்திருக்கு. தெரிஞ்சவனாச்சேன்னு மூக்கை மாத்திப் போட்டிருந்தா அதுல்லா பொய்?"

"மாத்தல்லே?"

"மாத்தல்லே. அப்படியே எடுத்துக் கொடுத்தேன். கூடப் பழகின ஒருத்தனை அப்படிக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?"

"நிறைய வேணும்."

"அடையாள அணிவகுப்புல வரிசையா ஆளை நிறுத்தினப்பமும் அந்தம்மா தயங்கல்லே. நேரா போய் அவனைத்தான் தொட்டா. அப்போ அவன்தானே செய்திருக்கணும்?"

ஆசான் மேசையைத் துடைத்தாள். ஒரு தாளை எடுத்து விரித்தாள்.

"பால்விரல் கையில இருக்கா?"

"என்னைக்கு இல்லாம இருந்திருக்கு?"

"உட்காருங்க. ஒரு முகம் சொல்லுதேன். வரைங்க."

"யாரு முகம்?"

"சாட்சி பேரு சொல்லுமா, எக்கா?"

நேசமலர் பென்சிலைச் சீவினாள். வாதாட வந்த இடத்தில் பரீட்சை வைக்கிறார்களே என்று பல்லைக் கடித்தாள். ஆசான் அவளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நெத்தி ஒடுக்கம். புருவம் ரெண்டும் கிட்டக் கிட்ட. கண்ணுக்கு அடியில கறுப்பு. மூக்கு நுனி கொஞ்சம் கீழ பாத்திருக்கும். தூங்கி நாளாச்சு."

பென்சில் ஓடியது. ஆசான் வாயெடுத்தாள்; அதற்குள் முதல் மூக்கு போய் அடுத்தது வந்திருந்தது.

"இல்லே. மூக்கு இப்படியில்லே."

தேய்.

"இல்லே."

"பின்னே எப்படி?"

"எப்படின்னு தெரியல்லே. இப்படியில்லே."

"அது ஒரு பதிலா?"

"உங்க சாட்சிகள் வேற என்ன சொல்லும்?"

அது உண்மைதான். யாருமே இப்படி என்று சொன்னதில்லை. இப்படியில்லை என்றுதான் சொல்வார்கள். முகம் மனதில் இருக்கும், வாயில் வராது. தாளில் தப்பாக ஒன்று வந்தால் மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"தாடை?"

"இல்லே."

தேய்.

"காது?"

"இல்லே."

தேய்.

கை சூடு பிடித்தது. அதுதான் நேசமலருக்குப் பிடித்த நேரம். கோடும் தேய்ப்பும் ஒரே மூச்சில் போகும். கண் தாளில் இருக்காது. சொல்கிறவர் வாயில் இருக்கும். அந்த வாயிலிருந்து ஒரு "ஆமா" விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே கை போய்க்கொண்டிருக்கும்.

வெளியே மழை கூரையோரத் தகர ஓடையில் இறங்கியது.

"இல்லே."

தேய்.

"இல்லே."

தேய்.

"ஆமா" என்றாள் ஆசான்.

அலுத்துப்போன குரல். தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும், டம்ளர் எதுவானால் என்ன என்பது போல. ஸ்டேஷனில் செல்லம்மை சொன்ன "ஆமா"வும் இதே குரலில்தான் வந்தது.

நேசமலர் குனிந்து தாளைப் பார்த்தாள்.

கொச்சுமணி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.



"கொச்சுமணியையா சொன்னிய?"

"இல்லே."

"பின்னே யாரைச் சொன்னிய?"

"உங்களை."

நேசமலரின் கை தன்னையறியாமல் மூக்கு நுனிக்குப் போனது. அது கீழே பார்த்திருந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அதோடு அழுதிருப்பாள். நேசமலர் அழவில்லை. சண்டைக்கு வந்தாள்.

"நீங்க வேணும்னே இல்லே இல்லேன்னு சொன்னிய!"

"சொன்னேன்."

"அது மோசடி!"

"முதல்ல ஒரு மூக்கு போட்டிய. அது உங்க மூக்குதான்."

"அதையும் நீங்கதானே இல்லேன்னு சொன்னிய?"

"நான் வாயெடுத்தேன். சொல்லி முடிக்குமுன்ன அது போயிட்டு."

நேசமலர் எழுந்தாள். முக்காலியைக் காலால் தள்ள நினைத்தாள். அதில் ஆசான் உட்கார்ந்திருந்தாள்.

"சரி. நான் ஒண்ணு கேக்கேன். இந்த விரலை என் கையில மாட்டிவிட்டது யாரு?"

"நான்."

"கொச்சுமணியை இந்த முக்காலியில உட்கார வச்சது யாரு?"

"நான்."

"ஒரு முகம் கைக்குள்ள வரட்டும், ஊரு முகமெல்லாம் பின்னால வரும்னு பாடம் சொன்னது யாரு? எங்க ஆசானே வந்தது? ஒரு முகமும் வரல்லே. அந்த ஒண்ணேதான் திரும்பத் திரும்ப வந்திருக்கு!"

"ஆமா."

"ஆமா, ஆமான்னா? ஜெயில்ல அவன் கிடக்கான். சிஷ்யை மேல பழி விழுது. ஆசான் இங்க பால் வடிகட்டிக்கிட்டு இருப்பாவளா?"

"என் பங்கை நான் கோர்ட்டுல வந்து சொல்லுதேன். அது போதாது."

"அப்போ சரோஜத்துக்கு நான் என்ன சொல்ல? அதையாவது சொல்லித் தாங்க."

ஆசான் அந்தத் தாளை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லித்தந்தா, ஆசான் சொன்னான்னு சொல்லுவிய. செல்லம்மை சொன்னான்னு சொன்ன மாதிரி."

நேசமலர் குடையை மறந்துவிட்டு இறங்கினாள்.

வழி முழுக்க முணுமுணுத்தாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் இந்த ஆசான்மாருக்குத் தலையில் இருக்கிற கிரீடம் சரிந்துவிடுமோ? சீடர்கள் மட்டும் மழையில் நனைந்து, இடறி விழுந்து, தாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமோ? இது என்ன நியாயம்? சம்பளம் வாங்காத குரு என்றால் பதிலும் கொடுக்காமல் இருக்கலாமோ?

ரப்பர் மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாகச் சரிந்த வெட்டு. கொச்சுமணி வெட்டியது. இப்போது வெட்ட ஆளில்லை; பழைய வெட்டில் பால் காய்ந்து கறுத்திருந்தது.

பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

ஸ்டேஷனில் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

அன்று முதலில் வாயைத்தான் வரைந்தாள். வரைந்ததும் செல்லம்மை நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள். தாளை நோக்கி விரலை நீட்டினாள். "நில்லு மக்ளே, இது..." என்றாள்.

இது சரி என்று சொல்ல வந்தாளா? இது இல்லை என்று சொல்ல வந்தாளா?

அதற்குள் சுண்டுவிரல் தேய்த்திருந்தது. தேய்த்துவிட்டு அடுத்த வாயை வரைந்திருந்தது. செல்லம்மையின் விரல் தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அவள் விரலை நீட்டவே இல்லை. இல்லே, இல்லே, இல்லே. கடைசியில் ஆமா.

மறுநாள் நேசமலர் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டரின் அறையில் அவள் வரைந்த பழைய படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். சைக்கிள் திருடன், உண்டியல் உடைத்தவன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். எல்லாம் வேறு வேறு முகம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

முதல் படத்தில் கொச்சுமணியின் காது இருந்தது.

அடுத்ததில் அவன் புருவம்.

அதற்கடுத்ததில் அவன் தாடை, தாடிக்குள் மறைந்திருந்தது.

"என்ன மேடம், உங்க படத்தை நீங்களே ரசிக்கியளா?" என்றபடி இன்ஸ்பெக்டர் வந்தார். டீ சொன்னார்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதைக் கோர்ட்டுல சொல்லப் போறியளா?"

"சொல்லணும்."

"சொன்னா கொச்சுமணி மட்டும் வெளிய வரமாட்டான். இந்தச் சுவத்துல இருக்கவன் எல்லாம் அப்பீல் போடுவான். எல்லாரும் வருவான். அதுல பாதிப்பேர் நிஜமாவே திருடன் மேடம்."

"மீதிப் பாதி?"

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்தார். அது சூடாகவே இல்லை.

"செல்லம்மையை நினைச்சுப் பாருங்க" என்றார் கடைசியில். "புருஷன் செத்தான். கொன்னவன் மாட்டினான்னு ஒரு நிம்மதியில இருக்காவ. அதையும் பிடுங்கணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி அவளோடு வாசல்வரை வந்தது. ஊரில் பெரும்பாலான அநியாயத்துக்குக் காவல் நிற்பது இப்படி நல்லவிதமாகக் கேட்கப்படும் ஒரு கேள்விதான்.

ஜெயிலுக்கும் போனாள். வாசலில் நின்ற காவலர் அவள் கையைப் பார்த்தார்.

"விரல்ல என்னம்மா அது?"

"ரப்பர்."

"கழட்டு. உள்ள கொண்டு போவ முடியாது."

கழற்றினாள். அடியில் இருந்த விரல் வெளுத்துச் சுருங்கிப்போய், நீரில் ஊறிய பிணத்தின் விரல் போலிருந்தது. அவளுக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் கொச்சுமணி வந்தான். அவளைக் கண்டதும் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

"கொச்சுமணி, நான்தான்."

"தெரியுது."

"துணியை எடு."

"எடுக்க மாட்டேன்."

"ஒரு நிமிசம் பேசணும்."

"பேசுங்க. காது தொறந்துதான் இருக்கு. மூஞ்சியை மட்டும் இனி நீங்க பாக்கப்படாது."

நேசமலர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை வருசம் உங்க முன்னால உட்கார்ந்தேன்!" என்றது துணி. "காலு மரத்துப் போவும். சொல்ல மாட்டேன். பாவம், படிக்க பிள்ளைகள்னு இருப்பேன். படம் நல்லா வந்திருக்குன்னு இங்க எல்லாரும் சொல்லுதாவ. அச்சு அசலா நானேதானாம். சந்தோசமா?"

"நான் கோர்ட்டுல சொல்லப் போறேன்."

"என்ன சொல்லுவிய?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"போய்ட்டு வாங்க" என்றான். அசையாமல் நின்றான். அவள் போகும்வரை துணியை எடுக்கவில்லை.

கேஸ் நடந்த அன்று கோர்ட்டில் நல்ல கூட்டம். ஆசான் முதலில் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் பங்கைச் சொல்லிவிட்டு இறங்கினாள். ரப்பர் பால், சுண்டுவிரல், முக்காலி என்று அவள் சொன்னபோது அரசு வக்கீல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கவும் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நேசமலர் ஏறியபோது யாரும் சிரிக்கவில்லை. அவள் போலீஸ் ஆள். போலீஸ் ஆளே போலீஸுக்கு எதிராகப் பேச ஏறியிருக்கிறாள் என்றதும் சுவாரஸ்யம் கூடிவிட்டது.

கொச்சுமணியின் வக்கீல் கேட்டார். அவள் சொன்னாள். முதல் கோட்டிலிருந்து கடைசித் தேய்ப்பு வரை சொன்னாள். சுவரில் இருந்த படங்களைப் பற்றியும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"அப்படியானால் சாட்சி செல்லம்மை பொய் சொன்னார் என்கிறீர்கள்?"

"இல்லே."

"குற்றவாளி இவர்தான் என்று அவர் தலையசைத்தாரா இல்லையா?"

"அசைச்சாங்க."

"அணிவகுப்பில் இவரைத்தானே தொட்டுக் காட்டினார்?"

"அவங்க என் படத்தைத் தொட்டுக் காட்டினாங்க. அது இவர் தோள் மேல இருந்தது."

கூடம் சலசலத்தது. நீதிபதி மேசையைத் தட்டினார்.

முன்வரிசையில் சரோஜம் இருந்தாள். அவள் அழவில்லை. நேசமலரைப் பார்க்கவும் இல்லை. கூண்டில் நின்ற கணவனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல்கள் ஒன்றோடொன்று பின்னுவதும் பிரிவதுமாக இருந்தன. அசையாமல் இருக்கத் தெரிந்தவனின் விரல்கள்.

"வேற கேள்வி உண்டா?" என்றார் நீதிபதி.

அரசு வக்கீல் இல்லை என்றார். எழுதுகிறவர் எழுதி முடித்தார். நேசமலர் இறங்கக் காலெடுத்தாள்.

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

செல்லம்மை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நேசமலரின் அம்மா வயது இருக்கும். வெள்ளைச் சேலை. கையில் ஒரு பழைய பர்ஸ்.

"அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"நீங்க உட்காருங்கம்மா. உங்க சாட்சி முடிஞ்சுது."

அவள் உட்காரவில்லை. நீதிபதியையும் பார்க்கவில்லை.

"மக்ளே" என்றாள் நேசமலரிடம். "அன்னையிலேருந்து கண்ணை மூடினா எனக்கு இவன் மூஞ்சிதான் வருது. கண்ணைத் தொறந்தாலும் இவன்தான். வேற ஒண்ணும் வரமாட்டேங்குது. எவ்வளவோ பாத்துட்டேன்."

பர்ஸை மறு கைக்கு மாற்றினாள்.

"இவன் இல்லேன்னு நீ சொல்லுதே. சரி. இருக்கட்டும். பாவம், இவன் போட்டும். ஆனா அன்னைக்கு நான் ஒருத்தனைக் கண்டேன். என் மேல மோதிட்டுத்தான் ஓடினான். அவன் மூச்சு என் மூஞ்சியில பட்டது. அந்த மூஞ்சி எங்க, மக்ளே?"

"இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றார் நீதிபதி, நேசமலரிடம். கனிவாகத்தான் சொன்னார்.

இறங்கிவிடலாம். சட்டமே வழிவிட்டிருக்கிறது. சொல்வதற்கு அவளிடம் வாதங்களும் இல்லாமலில்லை. பதற்றத்தில் கண்டது மனதில் நிற்காது என்று சொல்லலாம். தெருவிளக்கு மங்கல் என்று சொல்லலாம். பள்ளிக்கூடம், விதி, விரல், அவசரப்பட்ட இன்ஸ்பெக்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம். மலையேறிய அன்று அவள் நாக்கின் நுனியில் இருந்தவை எல்லாம் இப்போதும் அங்கேதான் இருந்தன.

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிட்டேன், அம்மா."